படத்தில் உப்பு இல்லை

போடிநாயக்கனூர்,
6-10-54

இதனால் சகல ஜனங்களுக்கும், முக்கியமாகக் குரங்கணிக்கு மேலே ஏலமலைச் சரிவில் குடியிருக்கும் என் உடன்பிறந்தாள் ஆயம்மாளுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்: மொக்கச்சாமி மகன் ஜக்கையனாகிய எனது மேலுதட்டில், இடது பக்கமாக, மீசை உதயமாகியிருக்கிறது. வலது பக்கத்தில் இன்னும் விடியவில்லை. பொதுமக்கள் கூட்டமாக வந்து தொந்தரவு செய்ய வேண்டாம். வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்கா, நமஸ்காரம். அய்யாவுக்கு முழங்கால் தேவலை. ஆத்தாவுக்குச் சளி, என்னைத் திட்டும் தொண்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஆறாம் பாரத்தில் இருக்கிறேன். படிப்பைவிடப் பாரம்தான் அதிகம். நீயும் மச்சானும் சுகமா? மேலே அட்டைக்கடி எப்படி?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கொட்டகைக்கு ஒரு சிரிப்புப் படம் வந்திருக்கிறது. பெயர் 'கட்டிலுக்கு மூணு கால்'. நோட்டீசில் அடியிலே கொட்டை எழுத்தில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறான். சர்க்காரே பார்த்து 'ஏ' கொடுத்த படமாம். கத்திக்குத்துக்கு வயது கேட்டால் நியாயம். சிரிப்பதற்கும் வயது வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. படத்துக்கு 'ஏ' கொடுத்தார்கள், எங்கள் வகுப்புக்கு 'ஏன்' மட்டும் மிச்சம். ஏலக்காயும் 'ஏ'யில்தான் ஆரம்பிக்கிறது. அதைப் பாயசத்தில் போட்டுப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையா?

கொட்டகைக் கேட்டில் நிற்பது நம் தெரு பெரியகருப்பன் அண்ணன். ஊரில் எந்தப் பிள்ளை எந்த வருஷம் பிறந்தது என்பது அவருக்கு அத்துப்படி. எல்லாருடைய காதுகுத்துக்கும் பந்தல் போட்டவர் அவர்தானே. என் வகுப்பில் போனவனெல்லாம் காதைப் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டான்.

நான் போனேன். அய்யாவின் எட்டு முழ வேட்டி, தலையில் உருமால், விடியாத பக்கத்து மீசைக்கு அடுப்புக்கரி. பெரியகருப்பன் அண்ணன் என்னை "வாங்க" என்று கூப்பிட்டார். உள்ளே போய்ப் படம் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். போடியில் என் வயதில் அந்தப் படம் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். ஆத்தாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு உன் பாதி மீசைத் தம்பி,
ஜக்கையன்

*

மேல்மலை எஸ்டேட்,
14-10-54

தம்பி ஜக்கையனுக்கு ஆயம்மாள் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். ஆத்தாவைச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல். அய்யாவை ஈரத்தில் நிற்க விடாதே.

இங்கே நாலு நாளாய் மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை, அதில் ஆளும் இல்லை. காய் பறிக்க வந்த மலையாளத்துப் பெண்கள் போகிற வருகிற போது சத்தம் போட்டுப் பேசுவார்கள். அவர்கள் போன பிறகு ஒன்றும் இல்லை. டீயைச் 'சாயா' என்று சொல்ல நானும் பழகிவிட்டேன். யாரிடம் சொல்ல என்றுதான் தெரியவில்லை.

மச்சானுக்குச் சீசன் சோலி. ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு மூட்டி உலர்த்துகிறார்கள், சூடு இறங்காமல் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். ராத்திரியும் அங்கேதான் படுக்கை. மத்தியானம் சோற்றுக்கு மட்டும் வருவார். சோற்றைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், போவார்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் சிரிப்பு? எழுது. அவர் சாப்பிடும்போது வாசித்துக் காட்டுகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது சத்தம் இருக்கட்டும்.

அக்கா,
ஆயம்மாள்

*

போடி,
20-10-54

சாயாக் குடிக்கும் சகோதரிக்கு, சாயாத தம்பி எழுதுவது. தீபாவளிக்கு உனக்கும் மச்சானுக்கும் ஆத்தா துணி வாங்கி வைத்திருக்கிறாள். லோடு இறக்க வரும் ஜீப்பில் கொடுத்துவிடுகிறோம். சுக்குக் கஷாயம் தயாராயிற்று. ஆத்தா குடிக்கவில்லை, எனக்கு ஊற்றிவிட்டாள்.

படம் கேட்டாய். முதலில் சிரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். முதல் கால் மணிக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் ஆம்பிளைகள் பக்கம் ஒரு சிரிப்பு, வெங்கலப் பாத்திரம் உருளுகிற மாதிரி. ஒரு மூச்சு கழித்துத் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்டுகள் சிரிப்பு. அப்புறம் இரண்டும் சேர்ந்து. கீற்றுக் கொட்டகை காற்றில்லாமலே ஆடுகிறது. சிரிப்பு எங்கெங்கே வரும் என்று எனக்கு மனப்பாடம். மூன்று தடவை பார்த்தவனாயிற்றே.

கதை இதுதான். ஒருத்தன் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறான். ராத்திரியும் பகலும் காயோடுதான் குடித்தனம். வீட்டுக்கு வருவது சோற்றுக்கு. வந்தால் சோற்றைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான். பொண்டாட்டி நடுவில்தான் நிற்கிறாள், அவளைத் தாண்டித்தான் பார்ப்பான். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது: இந்த ஆளுக்குக் கண்தான் இல்லையா, நாக்கும் இல்லையா? ஒரு நாள் உப்பே போடாமல் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஆக்கி வைக்கிறாள். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறாள். அவன் தின்கிறான். ஏப்பம் விடுகிறான். போகிறான். இந்த இடத்தில் கொட்டகையில் ஒருத்தர் பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

மறுநாள் அவள் இரண்டு நாள் உப்பையும் சேர்த்துப் போடுகிறாள். அதற்கு என்ன ஆயிற்று என்று அடுத்த கடுதாசியில் எழுதுகிறேன். ஒரு கவருக்குள் ஒரு ரீல்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
உப்புப் போட்டுச் சாப்பிடும் ஜக்கையன்

*

மேல்மலை எஸ்டேட்,
1-11-54

தம்பிக்கு ஆசீர்வாதம். தீபாவளித் துணி வந்தது. சேலை நல்ல நிறம், ஆத்தாவிடம் சொல். உனக்குக் காயம் படாமல் வெடி வெடித்தாயா?

உன் கடுதாசியை வாசித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. கை கழுவும்போது, "இதுல கட்டில் எங்கன வருது?" என்று மட்டும் கேட்டார். அவர் என்னிடம் சாப்பாட்டைத் தவிர வேறொன்று கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் நான் உப்பில்லாமல் ஆக்கினேன். சிரிக்காதே. சும்மா பார்க்கலாம் என்றுதான். அவர் ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் தட்டு காலியாகிற வரைக்கும் குனிந்தே தின்றார். மறுசோறும் வாங்கினார். போய்விட்டார். படத்தில் வந்தது போலத்தான், ஆனால் பக்கத்தில் சிரிக்க யாரும் இல்லை. நான் அந்தக் குழம்பைத் தின்ன முடியாமல் மாட்டுக்குக் கொட்டினேன்.

தம்பி, இதை ஆத்தாவுக்கு வாசிக்காதே. தை பிறந்ததும் நான் கீழே வரலாம் என்று இருக்கிறேன். பொங்கலுக்கு மட்டும் அல்ல. வந்தால் திரும்ப மலை ஏறுகிற எண்ணம் இல்லை. அவர் அடிக்கிறவரும் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. என்ன குறை என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லவும் தெரியாது.

அந்தப் படத்தில் அவள் அப்புறம் என்ன செய்தாள்? வெரசா எழுது.

ஆயம்மாள்

*

போடி,
6-11-54

அக்காவுக்கு, வெடியில் ஒரு புருவத்தைப் பறிகொடுத்த தம்பி நமஸ்காரம். மீசைக்கும் புருவத்துக்கும் இடம் மாறிவிட்டதோ என்று பெரியகருப்பன் அண்ணன் கேட்கிறார். அய்யா, ஆத்தா சுகம். பசு கன்று போட்டிருக்கிறது; அதுவும் சுகம்.

தையில் வருவதாக எழுதியிருந்தாய். தையில் இங்கே ஒரே நெருக்கடி, சொல்லிவிட்டேன். உன் அறையில் நெல் மூட்டை. உன் பெட்டி மேல் கோழி அடை. உன் தலையணையில் நான். நீ வந்தால் கன்றுக்குட்டியோடுதான் படுக்க வேண்டும், அது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கேட்கும். ஆத்தாவிடம் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் தனியாக மடித்துச் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அதை இந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை, என்னையும் சேர்த்து.

மச்சானிடம் சொல்: கட்டில் இடைவேளைக்குப் பிறகுதான் வரும். அவசரப்பட்டால் தரைதான்.

இப்போது கதை. உப்பு விஷயம் தோற்றுப்போனது. இரண்டு நாள் உப்பையும் அவன் அப்படியே தின்று, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவள் யோசிக்கிறாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாமா? (இந்த இடத்தில் கொட்டகையில் சத்தமே இல்லை.) போகவில்லை, அக்கா. அதுதான் படமே. அவள் சட்டி, பானை, பாய் எல்லாவற்றையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நேரே ஸ்டோருக்குப் போகிறாள். ஆள் வீட்டுக்கு வராவிட்டால் வீடு ஆளிடம் போகிறது. ஸ்டோர் வாசலில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகிறாள். அவன் "என்னாத்தா இது" என்று மலைத்து நிற்கிறான். அவள் "சோலி நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பு கூட்டுகிறாள்.

உள்ளே காய் உலருகிறது. ஆவி போவதற்கு ஜன்னல் திறந்திருக்கிறது. மிச்சத்தை நான் சொல்லவும் வேண்டுமா? மண்டியில் வியாபாரி காயைக் கையில் எடுத்து மூக்கில் வைக்கிறான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. "ஏலமா, நெத்திலியா?" என்கிறான். அக்கா, அந்தச் சிரிப்பு தேவாரம் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குமேல் என்ன ஆயிற்று என்று, நாலு தடவை பார்த்தும், இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுத முடியும். படம் கம்பத்துக்குப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஒற்றைப் புருவன் ஜக்கையன்

*

போடி,
24-11-54

அக்காவுக்கு நமஸ்காரம். அனைவரும் சுகம். அங்கே?

பதிலைக் காணோம். மழை என்கிறார்கள், பாதையில் மண் சரிந்தது என்கிறார்கள். ஜீப்பு டிரைவர் தவசியைக் கேட்டேன். ஜீப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறதாம், நீ கடுதாசி ஒன்றும் கொடுக்கவில்லையாம். மச்சானைப் பற்றிக் கேட்டால் அவன் வேறு பக்கம் பார்த்துச் சிரிக்கிறான்.

நேற்று மண்டிப் பக்கம் போனேன். எந்த எஸ்டேட்டிலிருந்தோ வந்த ஒரு மூட்டையை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு பூனை அதையே சுற்றிச் சுற்றி வந்தது. ஏலக்காய் மூட்டையைப் பூனை சுற்றி நான் பார்த்ததில்லை. எந்த எஸ்டேட் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வராமல் போனது எனக்கு இதுதான் முதல் தடவை.

அக்கா, படம் என்றால் படம். அதைப் பார்த்து யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. மச்சானுடைய வேலைக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி எழுது. நெல் மூட்டையை எடுத்துவிட்டேன், கோழியையும் இறக்கிவிட்டேன். உன் அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் வா.

தம்பி

*

மேல்மலை எஸ்டேட்,
5-12-54

தம்பிக்கு ஆசீர்வாதம். பயந்துவிட்டாயா? எழுத நேரம் இல்லை. வேறொன்றும் இல்லை.

போனேன். பாயும் சட்டியும் பானையும் ஒரே தலைச்சுமையாகக் கொண்டுபோனேன். பாதையில் வந்த மலையாளத்துப் பெண்கள் வீடு மாற்றுகிறாயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். மச்சான் அடுப்பு வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விறகைக் கீழே போட்டுவிட்டார். ஒரு கல்லை எடுத்து எனக்கு அடுப்புக்கு நகர்த்திக் கொடுத்தார். நான் குழம்பு கூட்டினேன். ஜன்னலைச் சாத்த எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் உலர்த்தும் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து மூக்கில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். ஒரு தட்டுக் காய் பூராவும் கருவாடு. எஸ்டேட் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவர் என் பக்கம் திரும்பி, "ஏலமா, நெத்திலியா?" என்றார். அப்புறம் விறகுக் கட்டையில் உட்கார்ந்து சிரித்தார் பார், இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுத்து, மறுபடியும் சிரித்தார். இந்த மனுஷனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் உடைந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மண்டியில் வாங்காமல் தள்ளிவைத்த அந்த மூட்டையைத் தன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி அவரே ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். துரையும் சிரித்துவிட்டாராம். இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குழம்பு.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வருகிறோம். பொங்கல் வாரத்தில் அந்தப் படத்தை நம் கொட்டகையில் மறுபடியும் போடுகிறார்களாம், தவசி சொன்னான். எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். நீதான் நாலு தடவை பார்த்தவன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு. உப்பு வரும்போது என்னைக் கிள்ளு.

ஆயம்மாள்

*

போடி,
11-12-54

அக்காவுக்கும் மச்சானுக்கும் அவசர நமஸ்காரம். இங்கே எல்லாரும் சுகம், படத்தைத் தவிர.

உன் கடுதாசி கண்டு எனக்குண்டான சந்தோஷத்தை எழுத இந்தத் தாள் போதாது. ஆனால் படம் பார்க்க வேண்டாம். காரணங்கள் வருமாறு. பிலிம் ஓடி ஓடித் தேய்ந்து படம் முழுக்க மழை பெய்கிறது; குடை இல்லாமல் பார்க்க முடியாது. கொட்டகையில் மூட்டைப்பூச்சி, படம் 'ஏ' என்றால் பெஞ்சு 'ஐயோ'. இதெல்லாம் போகட்டும். கம்பத்தில் யாரோ மனுப் போட்டு, சர்க்கார் மறுபடியும் பார்த்து, சில காட்சிகளை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்வி. எந்தெந்தக் காட்சி என்று விசாரித்தேன். உப்பு வருகிற காட்சி, கருவாடு வருகிற காட்சி, ஸ்டோர் வருகிற காட்சி. மிச்சம் கட்டில் மட்டும்தான் இருக்கிறதாம். வெறும் கட்டிலைப் பார்க்க மலையிலிருந்து இறங்க வேண்டுமா? நம் வீட்டில் இரண்டு கிடக்கிறது, நாலு காலோடு.

பொங்கலுக்கு வாருங்கள். கரும்பு தின்போம். கன்றுக்குட்டி உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறது.

இப்படிக்கு,
உண்மை விளம்பி ஜக்கையன்

*

மேல்மலை எஸ்டேட்,
19-12-54

சிரஞ்சீவி ஜக்கையனுக்கு, உன் மச்சான் கண்ணுச்சாமி எழுதிக்கொண்டது. உபய க்ஷேமம். மாமா, அத்தை இருவருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கம் இல்லை. உன் அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன்.

படத்தில் உப்பு இல்லை. கருவாடு இல்லை. ஸ்டோரும் இல்லை. யாரும் ஒன்றையும் வெட்டவில்லை. அக்டோபர் முதல் வாரம் லோடு கொண்டுவந்தபோது மண்டியில் நேரமாகிவிட்டது. நான் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். தனியாகப் பார்த்தேன். மலைக்கு மேலே அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் உன் கடுதாசி வந்தது. இது அந்தப் படம் இல்லையே என்று சொன்னால், நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பாள். ஆகவே உப்பில்லாத சோற்றைத் தின்றேன். மறுசோறும் வாங்கினேன்.

படம் விட்டு வெளியே வரும்போது, கொட்டகைக்குப் பின்னால் கரண்டு எஞ்சின் ஓடுகிற இடத்தில், கவிழ்த்த டின் மேல் உன்னைப் பார்த்தேன். காதைத் தட்டியில் ஒட்டி வைத்திருந்தாய். அந்த எஞ்சின் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்டிருக்காது, சிரிப்பு மட்டும்தான் கேட்டிருக்கும். நீ என்னைப் பார்க்காமல் இருக்க நான் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு போனேன்.

அந்தப் படத்தில் ஒரே ஓர் இடத்தில் கொட்டகை முழுக்கச் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. அது எந்த இடம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

மாப்ளே, பொங்கலுக்கு மூன்று பேரும் போவோம். நான் முதல் தடவை பார்க்கிறவன். நீ ஐந்தாம் தடவை பார்க்கிறவன். இப்படியே இருக்கட்டும். உப்பு வரவில்லையே என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று நீதான் யோசிக்க வேண்டும். உனக்குத்தான் அதெல்லாம் வரும்.

அவள் வருகிறாள். நிறுத்துகிறேன்.

கண்ணுச்சாமி

*

போடி,
24-1-55

மலை ஏறிய அக்காவுக்கு, மலை இறங்கிய தம்பி நமஸ்காரம். இரண்டு பேரும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஆத்தா உங்கள் ஜீப்பு வளைவு திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, உன் அறையில் நெல் மூட்டையைத் திரும்ப அடுக்கச் சொல்லிவிட்டாள். அடுக்கினேன். இடுப்பு போயிற்று. இவ்வளவு சந்தோஷமாக நான் மூட்டை தூக்கினதில்லை.

அன்றைக்குக் கேட்டில் நடந்தது உன் காதில் விழுந்ததா? மச்சான் தன் தலைத்துண்டை எனக்குக் கட்டிவிட்டிருந்தார். பெரியகருப்பன் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த ஆளு யாரு?"

"எங்க மாப்ளே. ஸ்டோர்ல வேலை பாக்குறாப்ள," என்றார் மச்சான்.

"ஸ்டோர்ல வேலை பாக்குறவருக்குக் காதுகுத்துப் பந்தல் போட்டது நாந்தான்," என்று சொல்லிவிட்டு, அண்ணன் கயிற்றைத் தூக்கி வழி விட்டார். நான் குனிந்து போனேன். அவர் அதுவரை என்னை "வாங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

குடும்பத்தோடு உட்காருகிற சேர் வரிசையில் நீ நடுவில், நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம். இடைவேளை வரைக்கும் உப்பு வரவில்லை. நான் உன்னைக் கிள்ளவும் இல்லை. விளக்கு போட்டதும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் கொட்டகைக் கூரையில் கீற்று எண்ணினேன். நீ எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாய். ஊருக்குப் போகும்போது ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாய்: "ஸ்டோர் ஜன்னல் தெறந்திருக்கும்னு மெட்ராசுல படம் எடுக்குறவனுக்கு என்னடா தெரியும்? நீ கதை விடுறேன்னு உப்புக் கடுதாசியிலயே நெனச்சேன்." நினைத்துக்கொண்டேயா அக்கா உப்பில்லாமல் ஆக்கினாய்?

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் பல இடங்களில் வசனம் வருவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே சிரித்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. நீயும் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை அவர் அப்படிச் சிரித்தபோது நீ அவர் கையைக் கிள்ளியதையும் நான் பார்க்கவில்லை.

ஆக, இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் நாலு தடவை பார்க்கவில்லை. ஒரு தடவையும் பார்க்கவில்லை. எஞ்சின் பக்கத்தில் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்து, நாலு நாளும் சிரிப்பை மட்டும் கேட்டேன். அதற்கு ஏற்ற மாதிரி கதையைப் போட்டுக்கொண்டேன். பெரியகருப்பன் அண்ணன் என் காதைத்தான் முதலில் பிடித்தார். மீசையும் அப்படித்தான், அக்கா. கரி வலது பக்கத்துக்கு மட்டும் அல்ல.

இதெல்லாம் நீயே கண்டுபிடித்திருப்பாய். இனி எழுதப்போவது உனக்கும் தெரியாது.

கடைசிக் காட்சி. வீட்டில் இருந்த மாமியார், நாத்தனார், சித்தப்பா வகையறா அத்தனை பேரும் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். முதல் ரீலிலிருந்து தனியாக இரண்டு வார்த்தை பேச இடம் கிடைக்காமல் அலைந்த புருஷனும் பொண்டாட்டியும் மூணு கால் கட்டிலில் வந்து உட்காருகிறார்கள். கட்டில் சாய்கிறது. விழாமல் இருக்க இரண்டு பேரும் ஒரே பக்கமாக நகர்கிறார்கள். வீடு முழுக்க அவர்களுக்குத்தான். அவன் தொண்டையைக் கனைக்கிறான். கூரையைப் பார்க்கிறான். கடைசியில் "சாப்பிட்டியா?" என்கிறான்.

அவ்வளவுதான். கொட்டகை இடிந்தது. நான் எஞ்சின் பக்கத்திலிருந்து கேட்டதிலேயே பெரிய சிரிப்பு இந்த இடத்துச் சிரிப்புதான். இந்தச் சிரிப்புக்குத்தான் என் கதையில் நெத்திலியைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். மற்ற இடத்தில் எல்லாம் முந்திக்கொண்ட மச்சான் இங்கே சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்தார். நீ அவரைப் பார்த்தாய். கொட்டகையே சிரித்து ஓய்ந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்தீர்கள். நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தீர்கள்.

நானும் சிரித்தேன். நீங்கள் சிரித்த பிறகு. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. சத்தியமாகப் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தும் யோசித்தேன். "சாப்பிட்டியா" என்று ஆத்தா என்னை நாள் தவறாமல் கேட்கிறாள், இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. தவசியைக் கேட்டேன், அவன் என் தலையைத் தடவிவிட்டு ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பெரியகருப்பன் அண்ணனைக் கேட்க மானம் தடுக்கிறது.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடு. மச்சானிடம் கேட்டு எழுதினாலும் சரி.

இப்படிக்கு,
படம் பார்த்தும் வயது வராத உன் தம்பி,
ஜக்கையன்